கோலா பாட்டிலில் இருந்தது

பணிக்காலம் முழுவதிலும் நான் ஒரே ஒரு தடவைதான் திருடியிருக்கிறேன். திருடியது ஒரு மடக்கு கோலா. அதுவும் கோலாவாக இல்லாமல் போயிற்று.

நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். எல்லையோரப் பெருமாட்டிப் பக்கம் தோப்பு தோப்பாகப் போய், பூச்சிமருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள் என்று கிளாஸ் எடுப்பது என் வேலைகளில் ஒன்று. விஷம் உள்ளே போனால் என்னென்ன அறிகுறிகள் தோன்றும் என்பதை வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். கூடவே சர்க்கரை நோயைப் பற்றியும் பேசுவேன். எனக்கும் அது உண்டு என்பதால் அந்த இடத்தில் மட்டும் குரல் தழுதழுக்கும். புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு என்னை மதிக்காமல் போகலாம். பரவாயில்லை.

அன்று பழனிச்சாமி தோப்பில் கிணற்றுக்கு குளோரின் போடப் போயிருந்தேன். பங்குனி வெயில்.

"நெழல்ல நில்லுங்க சார், ஒரு எளநி வெட்டீட்டு வந்தர்றனுங்க" என்று அவர் அரிவாளோடு போனார்.

மோட்டார் ரூமுக்குள் ஒதுங்கினேன். பலகையில் ஒரு கோலா பாட்டில், பாதி நிறைய. என் வீட்டில் கோலாவைக் கண்ணால் பார்க்கவும் அனுமதி இல்லை. இளநீர் வரக் கொஞ்சம் நேரமாகும். சுற்றுமுற்றும் பார்த்தேன். மூடியைத் திருகினேன். ஒரே மடக்கு.

இனிப்பாகத்தான் இருந்தது. அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. செத்துப்போன ஏதோ ஒன்று.

வாசலில் வந்து நின்ற பழனிச்சாமி இளநீரைக் கீழே போட்டார். "அய்யோ சார்! அது வண்டு மருந்துங்க! தென்னைக்கு அடிக்க ஊத்தி வெச்சதுங்க!"

வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், மருந்து டப்பாவைக் கையோடு எடுத்து வாருங்கள் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்கிறவன். தொண்டைக்குள் விரலை விட்டேன். அவர் கரைத்துக் கொடுத்த உப்புத் தண்ணீரைக் குடித்தேன். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு அவருடைய ஜீப்பில் ஏறினேன்.

ஜீப்பில் அறிகுறிகள் தொடங்கின. முதலில் வியர்வை, பிறகு வாயில் எச்சில், பிறகு கண்ணீர், நெஞ்சில் இறுக்கம். நான் கிளாஸில் காட்டும் ஸ்லைடுகள் அதே வரிசையில் என் உடம்பில் ஓடின. பெரியவன் இன்னும் படிப்பை முடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தபோது நிஜமாகவே மூச்சு முட்டியது.

பழனிச்சாமி அழுதுகொண்டே ஓட்டினார். "கண்ண மூடீராதீங்க சார். எதாச்சும் பேசீட்டே வாங்க."

பேசினேன். அடுத்து வரப்போவது வலிப்பு என்றேன். அவர் இன்னும் வேகமாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது இளம் டாக்டர், மலையாளி. போன மாதம் என் கிளாஸைத் தொடங்கி வைத்துப் பேசியவரே அவர்தான்.

"சாரே, எந்த மருந்து? பேரு பறயணும். லேபிள்ல என்னா இருந்தது?"

"கோலா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "விஷம்னா கண்மணி சுருங்கணும். சுருங்கலியே. வேர்க்குது, சரி. இவிடே ஃபேன் ஓடலை, எனிக்கும் வேர்க்குது." ஆனாலும் என்னை எழ விடவில்லை. டிரிப் ஏற்றி, விஷமுறிவு ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். எது உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமல் அவரால் ஊசியைப் போடவும் முடியவில்லை, போடாமல் நகரவும் முடியவில்லை.

அப்போதுதான் பழனிச்சாமியின் மனைவி மரகதம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஒரு கையில் அந்த பாட்டில், மறு கையில் மருந்து டப்பா.

"வண்டு மருந்து இதா, டப்பாவுல பத்தரமா இருக்குதுங்க. சார் குடிச்சது மீன் அமிலமுங்க. மத்தி மீன் கழிவும் வெல்லமும் ஊற வெச்சது. என்ற பாவக்காச் செடிக்கு ஒரமுங்க."

"அப்ப நான் பாட்டில்ல ஊத்தி வெச்சது?" என்றார் பழனிச்சாமி.

"போன மாசம் சார் கிளாஸ்ல சொன்ன அன்னிக்கே திருப்பி டப்பாவுல ஊத்திப் பூட்டீட்டேன். அந்தப் பழைய பாட்டிலையும் குழி தோண்டிப் பொதச்சாச்சு. உங்ககிட்டச் சொன்னா எகிறுவீங்க, சொல்லுல."

டாக்டர் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு அவசரமாக மூடினார். என் நெஞ்சிறுக்கம் அந்த நிமிடமே இறங்கியது. வலிப்பு வராமலேயே திரும்பிப் போனது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அது வேறு வகை.

"அப்படின்னா என் கிளாஸ் ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு" என்றேன், படுத்தபடியே.

"ஆமாங்க" என்றார் மரகதம். "நாங்கெல்லாம் நல்லாக் கேட்டமுங்க."

இதில் நான் கற்றது ஒன்று உண்டு. பாட்டிலை எடுத்தபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாவறண்டு, ஆசையும் சேர்ந்துகொண்டால் கை எட்டுகிற இடத்துக்குத்தான் போகும், படித்த பாடத்தைக் கேட்டுவிட்டுப் போகாது. அதனால் இப்போதெல்லாம் அறிகுறிப் பட்டியலைச் சுருக்கிவிட்டேன். மருந்து அதன் சொந்த டப்பாவில், பூட்டுக்குள். மீன் அமிலமானாலும் கோலா பாட்டில் வேண்டாம். இவ்வளவுதான் கிளாஸ்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கோலா ஆசையை மட்டும் விட்டுவிட்டேன். ஊர் அதை ஏற்கெனவே அவளுக்குச் சொல்லியிருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"நான் மத்திக் கொழம்பு வெச்சா மட்டும் நாத்தம் அடிக்குதும்பீங்க."