பாலத்துக்கு ஓர் அஞ்சலி நோட்டீஸ்

வெனெத்தா மினெவாவை நான் முதலில் பார்த்தது என் அப்பாவின் நாற்பதாம் நாளுக்கு அஞ்சலி நோட்டீஸ் அடிக்கப் போனபோது. எங்கள் பல்கேரியாவில் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு என்று தவறாமல் படம் போட்டு அச்சடித்து, கதவிலும் கம்பத்திலும் ஒட்டிவிடுவோம். தோல்னி ப்ரோத் ஊருக்கு அவருடையது ஒன்றுதான் அச்சுக்கடை. நான் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நிறுத்தினார்.

"கீழ யார் பேரு?"

"குடும்பத்தார்னு போடுங்க அக்கா."

"குடும்பத்தார்னு ஒரு ஆளு கிடையாது. செத்தவருக்குப் பேரு இருக்கு, அழறவனுக்கு இல்லையா? சொல்லு."

சொன்னேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று தெரிந்ததும், பிழை பார்க்கச் சொல்லி ஒரு கட்டுத் தாளை என் தலையில் கட்டினார். அப்படி வந்த பழக்கத்தில், கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயிலிருந்து கேட்டதுதான் இது.

வெள்ளம் வந்த வருடம் கீழ்த்தெருவின் நடைபாலம் ஆற்றோடு போனது. அதற்குப் பிறகு கீழ்த்தெருக்காரர்கள் ஊருக்குள் நடந்து வர ரயில் பாலம்தான் வழி; சாலைப் பாலம் வெகு தூரச் சுற்று. தண்டவாளத்தின் ஓரம் இரண்டு அடி அகலம். ரயில் வந்தால் கைப்பிடிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்க வேண்டும். வெனெத்தாவும் தினம் அப்படி நிற்பவர்தான். அக்டோபர் கடைசியில் வரும் திமிதர் திருநாளுக்குள் புதுப் பாலம் என்று மேயர் பிளாமென் நகர மன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். அது கூட்டக் குறிப்பிலும் ஏறியது. திருநாள் வந்து போய் ஒரு வருடமும் ஆயிற்று.

மன்றத்தில் ஊர்க்காரர் யாரும் கேள்வி கேட்கலாம். முழுப் பெயர், விலாசம் எழுதி மூன்று நாள் முன்னால் மனு கொடுத்தால் போதும். மேயர் எழுந்து பதில் சொல்லியே தீர வேண்டும். ஆனால் ஆறு வருடமாக ஒரு மனுவும் வரவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு நகராட்சிச் சம்பளம். வெனெத்தாவின் மகள் ரலிட்ஸாவுக்கு நகராட்சிப் பாலர் பள்ளியில் வேலை. வருடா வருடம் மேயர் கையெழுத்துப் போட்டால்தான் அது நீளும்.

ஆகவே வெனெத்தா மனு எழுதவில்லை. நோட்டீஸ் அடித்தார். கறுப்புக் கரை கட்டி, பழைய பாலத்தின் படம் போட்டு, "ஓராண்டு நிறைவு. புதுப் பாலம் கட்டித் தருவேன் என்ற வாக்கு நம்மை விட்டுப் பிரிந்தது" என்று அடித்தார். மேயர் பேசிய கூட்டத்தின் தேதியைப் பிறந்த நாளாகவும், திமிதர் திருநாளை இறந்த நாளாகவும் போட்டார். அடியில் "துயரத்துடன், கீழ்த்தெரு மக்கள்". முப்பது வருடத்தில் ஆள் பெயர் இல்லாமல் அவர் அடித்த முதல் நோட்டீஸ் அதுதான். விடியுமுன் நாற்பது இடங்களில் ஒட்டிவிட்டுக் கடையைத் திறந்தார். வெளியூரில் அடித்தது என்று ஊர் நினைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

காலையில் ஊரே சிரித்தது. "அவிச்ச கோதுமை யாரு குடுக்கறா? துக்கத்துக்கு வந்தவங்கள வெறும் வாயோடவா அனுப்புவீங்க?" என்று ரொட்டிக்கடை ஸ்வெத்லா தெருவைப் பார்த்துக் கேட்டாள். மதியத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. வெனெத்தாவின் இயந்திரம் எந்தத் தாளிலும் இடது ஓரத்தில் மயிரிழை போல ஒரு சாம்பல் கோடு விடும். அவருக்கு அது பழகிப் போனது. அதனால் மறந்தே போனார். ஊர் மறக்கவில்லை; அடித்தது யார் என்று கோடே சொல்லிவிட்டது. எல்லார் வீட்டுச் சாவிலும் அந்தக் கோடு இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மேயரின் கார் ஓட்டுநர் தோஷோ கடைக்குள் வந்தான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

"வேலை எப்படிப் போகுது அக்கா?"

"போகுது தம்பி."

"ஒரு நோட்டீஸ் அடிக்கணும். தட்டுங்க. வெனெத்தா மினெவா."

அவர் விரல் நின்றது.

"நிறுத்தாதீங்க. எங்கப்பாவுக்கும் நீங்கதான் அடிச்சீங்க, எவ்வளவு சுத்தமான வேலைன்னு அம்மா இன்னும் சொல்லும். வயசு அம்பத்தாறு. தேதிய மட்டும் காலியா விடுங்க."

தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினார். கறுப்புக் கரை வந்தது. கடைசி வரியில், பழக்க தோஷத்தில், வாய் தானாகக் கேட்டது: "கீழ யார் பேரு?"

தோஷோ சிரித்தான். "நண்பர்கள்னு போடுங்க. நீங்க கீழ்த்தெரு மக்கள்னு போட்டீங்கல்ல, அந்த மாதிரி."

"எத்தனை?"

"ஒண்ணு போதும். நீங்களே வச்சுக்கங்க. எங்க பையனை ரலிட்ஸா நல்லாப் பாத்துக்கறா. அடுத்த வருஷமும் அவளே பாத்துக்கிட்டா சந்தோஷம்."

அன்று அவர் ரயில் பாலத்தில் கால் வைக்கவில்லை. சாலைப் பாலம் வழியாக ஏழு கிலோமீட்டர் சுற்றி நடந்தார். ஏதாவது கார் வேகம் குறைந்தபோதெல்லாம் ஓரமாக ஒதுங்கி, அது கடந்து போகும்வரை நின்றார். வீட்டில் அம்மாவின் பையைக் கொட்டிய ரலிட்ஸா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"மன்னிப்புக் கேட்டுரும்மா. தெரியாம ஒட்டிட்டேன்னு சொல்லு."

"நாப்பது இடத்துல தெரியாம ஒட்ட முடியுமாடி?"

"எனக்கு வேலை போறது பயம் இல்ல. நீ அந்தத் தண்டவாளத்துல தனியா நடந்து வர்றே. பின்னால யாராவது வந்தா?"

வெனெத்தா தாளை எடுத்து விளக்கடியில் வைத்தார். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தேதியின் வெற்றிடத்தைவிட அந்த "நண்பர்கள்"தான் அவரை நடுங்க வைத்தது. நாளை இதைக் கம்பத்தில் ஒட்டினாலும் ஒட்டியவன் என்று ஒருவன் இருக்க மாட்டான். அவர் ஒட்டியதிலும் அப்படித்தான் ஒருவரும் இல்லை.

மறுநாள் மனு கொடுத்தார். முழுப் பெயர், விலாசம். எழுத்து கோணலாக வந்தது. இரண்டாவது தாள் வாங்கி எழுதினார்.

கூட்டத்தன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். மேயர் சொன்ன தேதியைப் பழைய குறிப்பிலிருந்து படித்தார். "பாலம் எப்ப வரும், யார் பொறுப்பு? பேரோட சொல்லுங்க." பிறகு தன் பெயர் போட்ட நோட்டீஸைத் தூக்கிக் காட்டினார். கடைசி வரியை மாற்றி அடித்திருந்தார். "இது எனக்கு. அடிக்கச் சொன்னவர் மேயரோட டிரைவர் தோஷோ. நாள், மணி எல்லாம் கீழ இருக்கு. காலியா இருக்கற தேதி நிரம்பினா யாரைக் கேக்கணும்னு குறிப்புல ஏத்திக்கங்க."

குறிப்பு எழுதும் பெண் பேனாவைத் தூக்கியபடி மேயரைப் பார்த்தாள். மேயர் மேசையைப் பார்த்தார். கடைசியில் அவள் குனிந்து எழுதினாள். வசந்தத்தில் வேலை தொடங்கும், பொறுப்பு என்னுடையது என்று மேயர் சொன்னதும் அதற்குக் கீழேயே ஏறியது.

கைதட்டல் இல்லை. வெனெத்தா தனியாக ரயில் பாலத்துக்கு வந்தார். பாதியில் பின்னால் காலடிச் சத்தம். அவர் நின்றார், அதுவும் நின்றது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பாதீங்க அக்கா, நடங்க," என்றது ஸ்வெத்லாவின் குரல். "நான் பின்னாலேயே வர்றேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

இப்போது ஆற்றில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. மேலே பலகை இல்லை. ரலிட்ஸாவின் வேலை நீளவில்லை. பக்கத்து ஊரில் மிளகாய் வாட்டி டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போகிறாள். போன கூட்டத்துக்கு நான்கு மனுக்கள் வந்தன, நான்கிலும் பெயர் இருந்தது. வெனெத்தா இன்றும் கடை நடத்துகிறார். பகலிலும் உள்ளே தாழ் போட்டிருப்பார். தட்டினால் கண்ணாடி வழியாக முகம் பார்த்த பிறகுதான் திறக்கிறார்.