சீஸ் புரோட்டாவைத் தட்டக்கூடாது

சீஸ் புரோட்டாவைத் தட்டக்கூடாது. கல்லுக்குப் புதிதாக வருகிற எவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். மற்றப் புரோட்டாக்களைக் கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினால்தான் மடிப்பு மடிப்பாக உதிர்ந்து நிற்கும். சீஸ் வைத்ததைத் தட்டினால், உள்ளே உருகிக் கிடப்பது ஓரத்தைக் கிழித்துக்கொண்டு கைக்கு வரும். கொதிக்கிற எண்ணெயாவது வழிந்து போய்விடும். சீஸ் ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தில் இருந்துகொண்டே சுடும்.

இந்த விதியை இருபத்து மூன்று வருடமாகத் தவறாமல் கடைப்பிடித்த அஸ்மத், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, முதலாளியின் தங்கை கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சீஸ் புரோட்டாவைத் தட்டினார்.

அஸ்மத்துக்கு ஐம்பத்தொரு வயது. சொந்த ஊர் தோப்புத்துறை. டன்லப் ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில், சுஹைபின் வாப்பா தொடங்கி இப்போது சுஹைப் நடத்துகிற கடைக்கு மங்குத் தட்டுகளை எடுத்துக் கழுவுகிற வேலைக்குக் கடல் கடந்து வந்தவர். இரண்டு வருடத்தில் கல்லுக்கு ஏறினார். கடையில் “கல்லில் நிற்பவர்” என்றால் அது ஒரு பதவி. டீ கலக்குபவர் விடுப்பு எடுத்தால் வேறொருவர் கலக்குவார். கல்லில் நிற்பவர் விடுப்பு எடுத்தால் வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள் இல்லையா?” என்று கேட்டு எதிர்க் கடைக்குப் போய்விடுவார். அப்படிப் போனவர்களை அஸ்மத்துக்குத் தெரியும். மறுநாள் வந்து அவரிடமே சொல்வார்கள்.

அவர் வந்த காலத்தில் கோசோங் என்கிற வெறும் புரோட்டா இருந்தது, முட்டை இருந்தது, வெங்காயம் இருந்தது. சீஸ் பிறகுதான் வந்தது. மெழுகுத்தாள் போன்ற உறைக்குள், மஞ்சளாக, சதுரமாக. அதற்குப் பின் அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளாக அவரிடம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று படம் பிடித்த சுற்றுப்பயணிகள் “சீஸ்” என்றார்கள். சாப்பிடத்தான் கேட்கிறார்கள் என்று இரண்டு தடவை மாவை எடுத்திருக்கிறார். மகள் யும்னா தொடக்கப்பள்ளியில் படித்தபோது, தமிழ்ச் சொற்பட்டியலில் ‘பாலாடைக்கட்டி’ என்று வந்தது. அதற்குள் பதினோரு வருடம் கல்லில் நின்றுவிட்ட மனிதர் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் பார்த்தார். ஒரு நாள் கடையில் யாராவது “ரெண்டு பாலாடைக்கட்டி புரோட்டா” என்று கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பாலிடெக்னிக் போன பிறகு யும்னா, அவர் அடிக்கிற அசட்டு நகைச்சுவைக்கெல்லாம் “சோ சீஸி, அத்தா” என்றாள். திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் டீ குடிக்க வருகிற ஒரு வக்கீல், முதலாளி சுஹைபைத்தான் குறிப்பிட்டு “பிக் சீஸ் வந்தாச்சா?” என்பார். அதுவும் சீஸ்தான்.

இவை எல்லாவற்றையும் தவிர அஸ்மத்தின் வலக்கை ஆள்காட்டி விரலுக்கு மட்டும் தெரிந்த ஒரு சீஸ் இருந்தது. புரோட்டாவைத் திருப்பிப் போட்டு, நடு மடிப்பில் விரலை வைத்து இலேசாக அமுக்குவார். விறைப்பாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. விரல் அமுங்கி, கீழே ஏதோ மெல்ல விலகினால் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ரப்பர்தான்.

அந்த விரல் எட்டு மாதத்துக்கு முன் பேசாமல் போய்விட்டது.

முதலில் கால் விரல்களில் மதமதப்பு வந்தது. ரொம்ப நேரம் நிற்பதால் என்று நினைத்துக்கொண்டார். பிறகு கை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் பாஞ்சாங் பாலிகிளினிக்கில் டாக்டர் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனிகளில் எதையோ வைத்து வைத்து எடுத்தார். எப்போது வைத்தார், எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. சர்க்கரை நரம்புக்குப் போயிருக்கிறது என்றார். என்ன வேலை என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக் கடையில் வேலை என்றார் அஸ்மத். கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. மனைவி ரபியாவிடம் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார். விரலைப் பற்றிச் சொல்லவில்லை. பயப்பட வேண்டிய விஷயம் என்று புரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. அதுவும் விரலோடு போய்விட்டது போல.

அதன் பிறகு கண்ணால் வேலை செய்தார். மாவை எடுக்கும்போது பார்த்தார், வீசும்போது பார்த்தார், தட்டும்போது பார்த்தார். கல்லின் சூட்டுக்குத் தண்ணீர் தெளித்துச் சத்தம் கேட்டார். சீஸ் புரோட்டாவைப் போட்டால் மனசுக்குள் ஒன்றிலிருந்து முப்பத்தைந்து வரை எண்ணினார். யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கல்லில் நின்று, அவரை அண்ணனாக ‘நானா’ என்று கூப்பிடுகிற அதீஃபுக்கும் தெரியவில்லை. அவன் ஒரு தடவை, என்ன நானா, புதுசா மாவைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க என்று கேலி செய்ததோடு சரி.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அது நடந்தது. காலையில் வெங்காயம் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டு, நீல பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். பதினோரு மணிக்குப் பார்த்தால் விரலில் பிளாஸ்டர் இல்லை. எப்போது கழன்றது என்று தெரியவில்லை. தட்டில் மிச்சமிருந்த மாவு உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டு, மாவு புளித்துவிட்டது என்று சுஹைபிடம் சொன்னார். சுஹைப் நம்பினான். அன்றைக்கு யாரும் புகார் சொல்லவில்லை. யார் வயிற்றுக்குள்ளோ அது போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். ரயிலில் உட்கார்ந்தால் சில நாள் இது நினைவுக்கு வரும். வந்துவிட்டுப் போகும்.

செவ்வாய்க்கிழமை முனீரா வந்தாள். சுஹைபின் தங்கை, வங்கியில் வேலை, லீவு போட்டுவிட்டு, கடையின் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அஸ்மத்தை மாமா என்றுதான் கூப்பிடுவாள். முதலில் கோசோங்கைத் தட்டச் சொல்லி எடுத்தாள். வெளிச்சம் சரியில்லை, யாரோ குறுக்கே போய்விட்டார்கள் என்று ஐந்து தடவை எடுத்தாள். ஐந்து தடவையும் தட்டினார். அடுத்து சீஸ். புரோட்டாவைப் பிய்த்து இழுத்தால் சீஸ் நூல் மாதிரி நீள வேண்டுமாம். அதுதான் இப்போது இணையத்தில் ஓடுகிறதாம்.

அவர் போட்டார். எண்ண ஆரம்பித்தார். இருபதைத் தாண்டியிருப்பார்.

“மாமா, கல்லையே பாக்காதீங்க லா. இங்க பாருங்க. சீஸ்…”

அவர் நிமிர்ந்தார். சிரித்தார். எண்ணிக்கை விட்டுப்போனது. கண் கைபேசியில் இருந்ததால் கைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தன. எடுத்தன, இரண்டு தட்டுத் தட்டின.

முனீரா திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு கைபேசியை மெல்லக் கீழே இறக்கினாள்.

“சுடலையா மாமா?”

அவர் குனிந்து பார்த்தார். இடது உள்ளங்கை முழுக்க மஞ்சள் அப்பிக்கொண்டு, மணிக்கட்டுப் பக்கம் வழிந்து, அதிலிருந்து ஆவி வந்தது. கல் சுரண்டுகிற தகட்டால் வழித்தார். தோலும் கூட வந்தது. அதீஃப் தன் புரோட்டாவை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, அவர் கையைக் குழாயடியில் இழுத்து வைத்தான். எல்லாரும் கையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். வேறு யாருடைய கையோ போல இருந்தது.

“சுடல” என்றார்.

பக்கத்து கிளினிக்கில் கட்டுப் போட்டு வெளியே வந்து நின்றபோது, முனீரா கைபேசியைத் திறந்து வைத்திருந்தாள்.

“அண்ணன் இதப் பாத்தா உங்கள கல்லுல நிக்க விடமாட்டான். அழிச்சிடட்டா மாமா? கை வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

சந்தில் மீன் வண்டி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று இரண்டு பேரும் ஓரமாக நின்றார்கள். அழித்துவிட்டால் கட்டு அவிழ்த்ததும் கல்லுக்குப் போய்விடலாம். பத்து நாள். அவருக்கு நீல பிளாஸ்டர் நினைவு வந்தது.

“அழிக்காதம்மா. உங்க அண்ணன்கிட்ட காட்டு.”

“நீங்களே சொல்லலாமே.”

“நான் சொன்னா வேற ஏதாச்சும் சொல்லிடுவேன். மாவு புளிச்சிடுச்சுன்னு ஒருவாட்டி சொன்ன மாதிரி.”

சுஹைப் இரண்டு தடவை பார்த்தான். எத்தனை நாளாக என்று கேட்டான். அஸ்மத் எட்டு மாதம் என்றார். கேட்காமலேயே பிளாஸ்டரையும் சொன்னார். கையைப் பார்த்தபோது கலங்கியிருந்த சுஹைபின் முகம், பிளாஸ்டரைக் கேட்டதும் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த மேஜை.

“அத அன்னிக்கே சொல்லியிருக்கணும் நானா” என்றான். பிறகு, “ரெண்டு நாள் வீட்ல இருங்க. அப்புறம் வந்து ஆர்டர் எடுங்க. கல்லுப் பக்கம் வராதீங்க.”

இது கோபமா, கரிசனமா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. புக்கிட் பாஞ்சாங் போகிற ரயிலில் மத்தியானக் கூட்டம் இல்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தார்.

வீட்டில் ரபியா கட்டைத் தொடவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து அவருடைய வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டுவிரல் நுனியைக் கிள்ளி, தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். அடுத்த விரல். இல்லை. ஒவ்வொன்றாக வந்து ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் பலமாகவே கிள்ளினாள். இல்லை. மணிக்கட்டுக்கு வந்தபோது தெரிந்தது.

“எட்டு மாசமா என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் ரோடு கடந்தீங்க” என்றாள்.

“புடிச்சேன்ல.”

அவள் மணிக்கட்டில் வைத்த கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் முன்பக்கத்தில் நின்று ஆர்டர் எடுத்தார். முனீரா அந்தக் கோசோங் படத்தை மட்டும் போட்டிருந்தாள். இரண்டு பேர் கைபேசியைக் காட்டி, இது நீங்கதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். கல்லில் அதீஃப் நின்றான். பத்து மணி வாக்கில் ஒரு சீனப் பெண்மணி ஒரு சீஸ் கேட்டார். அஸ்மத் திரும்பி, “ஒரு சீஸ்” என்று குரல் கொடுத்தார்.

அதீஃப் போட்டான். அஸ்மத்துக்குள் எண்ணிக்கை தானாக ஓட ஆரம்பித்தது. அதீஃப் திருப்பினான். நடு மடிப்பில் விரலை வைத்து அமுக்கினான். எடுத்தான். தட்டாமல் அப்படியே தட்டில் வைத்தான். அப்போது எண்ணிக்கை இருபத்தொன்பதில் இருந்தது.

அந்தப் பெண்மணி அங்கேயே நின்று ஓரத்தைப் பிய்த்தார். சீஸ் நீண்டு, இழைந்து, அறுந்தது. சரியாக இருந்தது.

முப்பத்தைந்து வரை எண்ணி, ஆறு எண்ணிக்கை கூடுதலாகவே வேகவிட்ட எட்டு மாதத்தில் யாரும் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை. எழுதுகிற பேனாவை வலக்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறாரா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிடித்துத்தான் இருந்தார். அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.