டெலிபோனில் செதுக்கிய கை

என் வேலை பிளாஸ்டிக் பிரிப்பது. தாராவியில் ஒரு பங்கார் கிடங்கில், அதாவது பழைய சாமான் கிடங்கில், இருபத்தேழு வருடமாக இதைத்தான் செய்கிறேன். செம்பூர், மாட்டுங்கா, விக்ரோலி வீடுகள் கழித்துப் போடும் உடைசல்கள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றை இனம் பார்த்துத் தனித்தனிக் கூடைகளில் போடவேண்டும். கண்ணால் மட்டும் பார்த்து இனம் சொல்ல முடியாது. வளைத்துப் பார்ப்போம். முன்பல்லில் தட்டிச் சத்தம் கேட்போம். அப்படியும் சந்தேகம் என்றால் ஓரத்தில் லைட்டரைக் காட்டி முகர்ந்து பார்ப்போம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த படிப்பு இது ஒன்றுதான். இதிலேயே ஒருவன் என்னை ஏமாற்றப் பார்த்தான். அவனை நான் என்ன செய்தேன் என்று எழுதிவைக்க வேண்டும்போல் இருக்கிறது.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது எங்கள் சந்து முனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. காசு போட்டால் திரையில் இரண்டு பேர் சண்டை போடுவார்கள். ஆடுகிறவன் தனக்கு வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் நெருப்பு விடுகிறவனையும் வாள் வீசுகிறவனையும் எடுப்பார்கள். நான் மீனவனை எடுப்பேன். அவன் மெதுவானவன். ஒரு கையில் வலை வைத்திருப்பான். அவனை வேறு யாரும் தொடுவதில்லை என்பதால் எனக்குச் சண்டை இல்லாமல் கிடைப்பான். மற்றவர்கள் ஜெயித்தால் நெஞ்சில் அடித்துக் கத்துவார்கள். மீனவன் ஜெயித்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு வலையை மடிக்க ஆரம்பித்துவிடுவான். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட எனக்கு அவனைப் பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

பிற்பாடு கடை மூடிவிட்டது. எத்தனையோ வருடம் கழித்து, செம்பூர் மூட்டை ஒன்றில் பழைய செருப்புகளுக்கு நடுவே அந்த மீனவன் கிடந்தான். ஒரு சாண் உயரப் பொம்மை. முட்டி, முழங்கை, கழுத்து எல்லாம் மடங்கும். வலது கையும் வலையும் இல்லை. முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கை தேடி இரண்டு வருடம் போனது. பிற பொம்மைகளின் கைகள் எவ்வளவோ வந்தன. எதுவும் நிறத்தில் ஒக்கவில்லை. ஒருநாள் பழுப்பு நிறத்தில் ஒரு பழைய டெலிபோன் ரிசீவர் வந்தது. பல்லில் தட்டினேன். மீனவனின் அதே சத்தம், அதே இனம். அந்த ரிசீவரில் இருந்து கையைச் செதுக்கினேன். பிளேடும் உப்புத்தாளும்தான் கருவிகள். ஐந்து விரல்களுக்கு மட்டும் நாலு மாதம் ஆனது. தோளில் மாட்டியபோது குழிக்குள் கொஞ்சம் ஆடியது. சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டைக் கிழித்து, முளையைச் சுற்றிச் செருகினேன். இறுகிக்கொண்டது. நரம்பு நூலில் வலையும் நானே முடிந்தேன். கடைசி முடிச்சுகளை என் அப்பா மூட்டைக் கயிற்றுக்குப் போடும் முடிச்சாகப் போட்டேன். அது ஒன்றுதான் எனக்கு அவிழாமல் போடத் தெரியும்.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குக்கு வருவார். பெரிய ஆபீஸ் வேலை. வீட்டில் கண்ணாடி அலமாரி நிறையச் சண்டை விளையாட்டுப் பொம்மைகளை அடுக்கி, உள்ளே பல்பு போட்டு வைத்திருக்கிறார் என்று அவரே சொல்வார். மூட்டைகளில் ஏதாவது தேறுமா என்று பார்க்க வருவதுதான் வழக்கம். என் மேஜையில் மீனவனைக் கண்டதும் அவர் குரல் மாறிவிட்டது.

"இது எங்கேப்பா கெடச்சுது? இதெல்லாம் கொஞ்சமாத்தான் பண்ணினான் தெரியுமா? எனக்குத் தந்துடேன்."

"தர்றதுக்கில்ல சார்."

மூன்று ஞாயிறு கேட்டார். நாலாவது ஞாயிறு வேறு மாதிரி கேட்டார். "சரி, தர வேண்டாம். ஒரு வாரம் ஆத்துக்கு எடுத்துண்டு போய் ஃபோட்டோ எடுத்துக்கறேன். அடுத்த வாரம் அப்படியே கொண்டுவந்து வெக்கறேன். அதுக்கும் மாட்டேன்னா எப்படிப்பா?"

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சொன்னபடி கொண்டுவந்து வைத்தார். துணியில் சுற்றி, பத்திரமாக. நான் பிரித்தேன். வலையின் முடிச்சுகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பல்லில் தட்டினேன். 'டக்' என்று வரவேண்டியது 'தொப்' என்று வந்தது. நகல். என் மீனவனை வைத்துக்கொண்டு, சந்தையில் கிடைக்கும் நகல் ஒன்றை என்னிடம் தள்ளியிருக்கிறான். இனி அவன் என்றுதான் எழுதுவேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன, பத்திரமா இருக்கா?" என்றான்.

"இருக்கு சார்" என்றேன்.

அன்று அவன் போன பிறகு என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. பொம்மை போனதைவிட, பிளாஸ்டிக் பிரிக்கிறவனிடமே பிளாஸ்டிக்கை மாற்றி வைக்கலாம் என்று அவன் நினைத்ததுதான் எரிந்தது. எனக்குக் கண்ணும் இல்லை, பல்லும் இல்லை, மூக்கும் இல்லை என்று முடிவு செய்திருக்கிறான். அதற்குப் பிறகும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தான், அதுதான் வேடிக்கை. ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிறு போனைத் திறந்து தன் அலமாரியைக் காட்டினான்.

"பாத்தியா? உன்னோடது மாதிரியே எனக்கும் ஒண்ணு அமைஞ்சுடுத்து. சிங்கப்பூர்லேர்ந்து."

படத்தில் என் அப்பாவின் முடிச்சுகள் வரிசையாகத் தெரிந்தன.

"அடுத்த மாசம் இங்கே மாட்டுங்கா ஹால்ல பொம்மைக் கண்காட்சி. போட்டிக்கு இதைத்தான் வெக்கப் போறேன். நீயும் வாயேன், டிக்கெட்லாம் கெடையாது."

"போட்டின்னா என்ன பாப்பாங்க சார்?" என்று கேட்டேன். அவனிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஒரிஜினலான்னுதான் பாப்பா. கம்பெனிலேர்ந்து வந்த மாதிரி இருக்கணும். ஒரு பாகம்கூட மாத்தலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"மாத்தியிருந்தா?"

"அசிங்கம்ப்பா. அப்புறம் அந்தக் கூட்டத்துல எவனும் சேத்துக்க மாட்டான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கை டெலிபோனில் செதுக்கியது என்பது அவனுக்குத் தெரியாது. அது கம்பெனிக் கை என்றே நம்பிக்கொண்டிருக்கிறான். கையெழுத்துப் போடட்டும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சிரமம் இல்லை. அன்று ஒருநாள் திறப்பதுதான் சிரமம். அதனால் தினமும் பழகினேன். கிடங்கில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின் ஓடும்போது யாருக்கும் ஒன்றும் கேட்காது. அதன் பக்கத்தில் நின்று, சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒரே வாக்கியம்தான். ஒரு மாதம் சொன்னேன்.

கண்காட்சிக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே போனேன். மேஜை மேஜையாகப் பொம்மைகள். மீனவன் நடு மேஜையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றான். கீழே சீட்டில் ஏதோ இங்கிலீஷில் எழுதி, அவன் கையெழுத்து. பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் படிக்கச் சொன்னேன். எல்லாப் பாகமும் அசல், சிங்கப்பூரில் வாங்கியது என்று எழுதியிருப்பதாகச் சொன்னான்.

போட்டியை நடத்தியவர் செம்பூர்க்கார அம்மாள் ஒருவர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தார், பின்னால் ஒரு கூட்டம். மீனவனை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாஹ். கை, வலை எல்லாம் இருக்கற பீஸ் நான் பாத்ததே இல்ல."

அவன் சிரித்தான். நான் முன்னால் வந்தேன். காதுக்குள் அரைக்கும் மெஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சொன்னேன்.

"அம்மா, வலது கைய இழுத்துப் பாருங்க, உள்ள பஸ் டிக்கெட் இருக்கும்."

மெஷின் பக்கத்தில் பழகிய சத்தத்திலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"யே கௌன் ஹை? யார் இது?" என்றார் அம்மாள்.

"அட, அது எங்க பங்கார்காரன்" என்றான் அவன். "பாவம், ஒண்ணும் தெரியாது. நீ வெளில நில்லுப்பா, நான் வரேன்."

"இழுங்கம்மா" என்றேன் மறுபடியும். இரண்டாவது வாக்கியம் பழகாமலே வந்தது.

அம்மாள் அவனைப் பார்த்தார். "இழுத்தா என்ன? ஒரிஜினல்னா திரும்ப மாட்டிக்கும்." தோளைப் பிடித்து மெல்லத் திருகி இழுத்தார். கை கழன்று வந்தது. முளையில் சுற்றியிருந்த காகிதத்தை நகத்தால் பிரித்தார். பஸ் நம்பர்கூட அழியவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

"சிங்கப்பூர்ல நம்ம பஸ் எப்போலேர்ந்து ஓடறது?" என்று அம்மாள் அவனிடம் கேட்டார்.

அவன் முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். என் வாழ்நாளில் யாரையும் அவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்ததில்லை. முதலில் வெளுத்தது, பிறகு காது ஓரத்தில் இருந்து சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்காகப் பரிதாபப்படவில்லை. இப்போதும் படவில்லை.

அம்மாள் சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். என்னிடம், "கை நீங்க பண்ணினதா? எதுலே?" என்றார்.

"டெலிபோன்லம்மா. பொம்மையே என்னுதுதான். ஃபோட்டோ எடுக்கக் குடுத்தது."

அவன் மறுக்கவில்லை. "அப்போ எடுத்துண்டு போங்கோ" என்று அம்மாள் மீனவனை என் பக்கம் தள்ளினார்.

எட்டு மாதம் நான் ஆசைப்பட்டது அதுதான். கை நீட்டினால் போதும். நான் கையையும் டிக்கெட்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். வலையைக் கழற்றி எடுத்தேன். பொம்மையை மறுபடி கூண்டுக்குள் நிறுத்தி, கூண்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"இது உங்களுக்கு சார். பல்பு போட்டு வைங்க."

பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு வலையை மடித்தேன். நாலாக, எட்டாக. அவசரப்படவில்லை.

வீட்டில் என் மனைவி இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பூராத்தையும் தூக்கிட்டு வந்திருக்கலாம்லா? ஒத்தக் கையக் கொண்டுக்கிட்டு வந்து நிக்கிய."

"கொண்டு வந்தா அவன் மறந்துருவாம்லா. ஒத்தக் கையோட அங்கயே நிக்கட்டும்."

"அவன் தூக்கிக் குப்பையில போட்டுட்டாம்னா?"

போடலாம். ஆனால் அவன் தெருக் குப்பை எங்கள் கிடங்குக்குத்தான் வரும். அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. மாட்டுங்கா மூட்டைகளை மட்டும் வேறு யாரையும் பிரிக்க விடாமல் நானே பிரிக்கிறேன். ஒரு வருடம் ஆகிவிட்டது. இதுவரை மீனவன் வரவில்லை. அப்படியென்றால் அவன் வீட்டில்தான் இன்னும் நிற்கிறான். ஒவ்வொரு மூட்டையின் அடியையும் தடவிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போகிறேன்.