விரல் எடுத்த பிறகு வந்த முனகல்

அப்பாவுக்குக் கழுத்தின் பின்பக்கம் வெட்டி முள்ளந்தண்டில் ஆபரேசன் செய்தார்கள். அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விரல்கள் மரத்து, கத்தி கையில் நிற்காமல் விழத் தொடங்கிய பிறகுதான் தோட்டத்தில் அதை ஒரு நோயாக ஒப்புக்கொண்டார்கள்.

ஆபரேசனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டொக்டர் சிங்களத்தில் விளக்கினார். நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

"ஸ்கேன்ல பாத்து கழுத்தெலும்புக்கு ரெண்டு பக்கமும் ஊசி போடுவாங்கப்பா. அந்த எடத்து நரம்பு மட்டும் மரத்துப் போயிரும். ஆபரேசன் முடிஞ்சி விடியிற வரைக்கும் வலி தெரியாதாம். போன தடவ குடலிறக்கத்துக்கு வெட்டுனப்ப வலி ஊசி ஒத்துக்காம வாந்தி எடுத்தீங்கல்ல, அந்த ஊசி இப்ப தேவப்படாது."

"வலியே இல்லாட்டி ஆபரேசன் செஞ்சாங்கன்னு எவன் நம்புவான்?" என்றார்.

சிரித்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஒழுங்காக விளக்கிவிட்ட திருப்தி எனக்கு.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஆபரேசன் முடிந்த அன்று பின்னேரம் அப்பா ஒருக்களித்துப் படுத்து, குழாய் வைத்துத் தண்ணீர் குடித்தார். வலியே இல்லை என்றார். அப்போது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். யார் மலைக்குப் பால் வெட்டப் போவது, யாருக்கு லேசான வேலை என்று தோட்டத்தை நடத்தும் தொரையிடம் சொல்பவர் அவர்தான். அப்பா கேட்டிருந்தது ஸ்டோரில் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கும் வேலை. மறுபடி அண்ணாந்து பால் வெட்டக்கூடாது என்று டொக்டரும் சொல்லியிருந்தார்.

கணக்கப்பிள்ளை நோயாளிக்கென்று வாங்கி வந்த தோடம்பழத்தைத் தானே உரித்துத் தின்றார். விதைகளை, வாந்திக்கு வைத்திருந்த தட்டில் துப்பினார்.

"என்னப்பா, மாப்பிள்ள மாதிரி படுத்திருக்க. அடுத்த மாசமே மலைக்கு வந்துருவ போல?"

சொல்லிக்கொண்டே அப்பாவின் முதுகுப்பக்கம் போய், சாறு வடியும் விரலால் கட்டின் ஓரத்தை அழுத்தினார், பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அப்பா அசையவில்லை. விரலை எடுத்துவிட்டு, "வலிக்குதா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அப்பா முனகினார். பெரிதாக, இழுத்து.

எனக்கு உடம்பு கூசியது. அந்த விரலைப் பார்த்தா, அந்த முனகலைக் கேட்டா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

முனகல் கேட்டு நர்ஸ் வந்தார். பின்னால் வாட்டு டொக்டர். மரத்துப்போகும் ஊசி பிடிக்கவில்லையோ, வேறு வலி ஊசி போடவா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். கணக்கப்பிள்ளைக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். அப்பா என்னையே பார்த்தார்.

"ஹரி ரிதெனவா டொக்டர்," என்றேன். ரொம்ப வலிக்கிறதாம்.

உண்மையை இங்கிலீஷில் ஒரு வரி சொல்லியிருந்தால் கணக்கப்பிள்ளைக்கு விளங்கியிருக்காது. அது எனக்கும் தோன்றியது. ஆனால் டொக்டர் முன்னால் பிழை வந்துவிடக்கூடாதென்று அந்த வரியை வாய்க்குள் அடுக்கிக்கொண்டே நின்றேன். அதற்குள் ஊசி போட்டாயிற்று.

கொஞ்ச நேரத்தில் வாந்தி தொடங்கியது. நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் தட்டைப் பிடித்தேன். ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் போட்ட கழுத்து வெட்டி இழுத்தது. மஞ்சள் தண்ணீரில் தோடம்பழ விதைகள் மிதந்தன. கணக்கப்பிள்ளை லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்வரை பின்வாங்கினார்.

"பாவம், இவன் இனி மலைக்கு ஆக மாட்டான். தொரைகிட்ட சொல்றேன்."

அவர் போனதும் அப்பா வாயைத் துடைக்கக்கூட விடாமல் கேட்டார்: "சொல்றேன்னாரா?"

"ம்."

"அது போதும்."

காலையில் மரப்பு விட்டது. நிஜமான வலி வந்தபோது அப்பாவிடம் சத்தமே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. "வலி இல்லன்னு சொல்லு. அந்த ஊசி வேணாம்," என்றார். நான் நேற்று நடந்ததை டொக்டரிடம் இங்கிலீஷில் சொன்னேன், பிழைகளோடு. அவருக்கு விளங்கியது. வேறு மருந்து எழுதினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்பா இப்போது ஸ்டோரில் இருக்கிறார். தான் நேரில் பார்த்த வாந்தியைக் கணக்கப்பிள்ளை எல்லோரிடமும் சொல்வார். அப்பாவும் பக்கத்தில் நின்று, அவர் சொல்லும் இடத்தில் சரியாக ஒருமுறை முனகிக் காட்டுவார். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். அந்த நேரம் எனக்குத் தோடம்பழ வாசம் வரும். எழுந்து வெளியே போய்விடுவேன்.