மிதிக்காமல் ஓடிய வண்டி

தஸ்தகீர் கையெழுத்துப் போட்ட வியாழக்கிழமையன்று அந்த வண்டி குற்றம் குறையில்லாமல்தான் ஓடியது. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும் சொன்ன இடத்தில் நின்றது.

1988ஆம் வருஷம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உறைகள் வார்க்கும் ஒரு கம்பெனியில் அவர் எலெக்ட்ரீஷியன். சொந்த ஊர் பூந்தமல்லி. எட்டாவதோடு படிப்பை விட்டு, டிரங்க் ரோட்டோரம் லாரி பேட்டரிக் கடையில் சேர்ந்தவர். ஆசிட் தெறித்து ஓட்டை விழுந்த சட்டைகளோடு பதினேழு வருஷம் ஓடியது. என்ஜின் பக்கத்தில் நின்று காது கொடுத்தாலே எந்த வயர் விட்டிருக்கிறது என்று பாய் சொல்லிவிடுவார் என்பது லாரிக்காரர்களிடையே பேச்சு. அந்தப் பேரை நம்பித்தான் கம்பெனி அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. அவருக்கும் அந்தப் பேரின் மேல் கொஞ்சம் மயக்கம் உண்டு.

பொங்கல் கழிந்ததும் கம்பெனிக்குப் புது பேட்டரி டிரக் வந்தது. புகை கிடையாது, சத்தம் கிடையாது. தட்டையான முதுகில் ஒரு டன் ஏற்றிக்கொண்டு, வார்ப்படக் கூடத்திலிருந்து சரிவில் இறங்கி பெயின்ட் ஷெட்டுக்குப் போகும். ஓட்டுவதற்கு வேம்புலியைப் போட்டார்கள். காட்டுப்பாக்கத்துக்காரன், அதுவரை அதே பாதையில் கைவண்டி தள்ளியவன். பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தஸ்தகீருக்கு.

மூன்றாவது மாதம் ஆரம்பித்தது தொல்லை. வேகம் கொடுக்கும் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி ஓடியது. இரண்டு நொடி, மூன்று நொடி. அப்புறம் தானாகவே அடங்கிவிடும். முதல் தடவை சுவரில் முட்டியது. இரண்டாம் தடவை காலிப் பெட்டிகளை நசுக்கியது. ஒவ்வொரு தடவையும் அன்றைய சரக்கு போய்ச் சேர வேண்டுமென்று வண்டியைத் தொடர்ந்து ஓட்டி, மறுநாள்தான் தஸ்தகீரிடம் விட்டார்கள். அவர் அலசிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாம் தடவை, சரிவின் அடியில் பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மாவின் காலில் ஏறியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாக முறிந்தது. வேம்புலியை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள். வண்டியை விற்ற கம்பெனியின் என்ஜினீயர் வியாழக்கிழமை வந்து நாள் முழுக்கச் சோதித்தார். 'வண்டியில் கோளாறு இல்லை' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட, கீழே தஸ்தகீரும் போட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேம்புலி பூந்தமல்லியில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"உள்ள வா, வேம்புலி."

"உள்ள வர்றதுக்கு வர்ல பாய். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். நீயும் கையெழுத்து போட்டியாமே?"

"கண்டுபிடிக்க முடியல நைனா. பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சி மிதிய மிதிச்சிருப்பே. யாருக்கும் வர்றதுதான்."

"என் காலு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா? பிரேக்க அமுக்கிகினு கீறேன், வண்டி இஸ்துகினு போவுது. பேட்டரி பிளக்கப் புடுங்குனப்புறந்தான் நின்னுச்சு. மூணு தபாவும் திங்கக்கெழம பாய். நீ பாத்ததெல்லாம் செவ்வாய், புதன், வியாழன். ஒரு திங்கக்கெழம காலைல அத்தத் தொட்டுப் பாத்தியா நீ?"

தஸ்தகீரின் மனைவி ஜுலைகா கொண்டுவந்த டீயைக் கையில்கூட வாங்காமல் வேம்புலி படியிறங்கிப் போனான்.

"அந்தாளு பொய் சொல்ற ஆளு மாதிரி தெரியலீங்க," என்றாள் ஜுலைகா.

"மூஞ்சப் பாத்து வயர் செக் பண்ண முடியுமா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தார்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விட்டார். ஃபோர்மன் கோதண்டத்தைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, முதுகில் ஒரு டன் ஏற்றி, சரிவின் அடியில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு, தானே ஓட்டினார். கோளாறு வந்துவிட வேண்டும் என்று ஒரு மனசு. வந்தால் தன் கையெழுத்துக்கு என்ன பதில் என்று இன்னொரு மனசு. ஐந்து நடை போய் வந்தார். வண்டி பசு மாதிரி நடந்துகொண்டது.

"போதும்யா, எட்டு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க," என்று சொல்லிக்கொண்டே கோதண்டம் சரிவில் இறங்கி நடந்தார்.

ஆறாவது நடை. கூடத்து வாசலில் பதித்திருந்த இரும்புப் பட்டையின் மேல் சக்கரம் ஏறித் தடக்கென்று இறங்கியது. சரிவு வந்ததும் தஸ்தகீர் மிதியிலிருந்து காலை எடுத்தார். அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோலப் பாய்ந்தது.

"கோதண்டம்! நவுரு! நவுரு!"

பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார். வேம்புலி சொன்ன மாதிரியே வண்டி பிரேக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. சீட்டுக்குப் பக்கத்திலிருந்த பெரிய பிளக்கைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. திரும்பிப் பார்த்த கோதண்டம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள, வண்டி அவர் சட்டையை உரசிக்கொண்டு கடந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடுங்கியபோதுதான் பிளக் கழன்று வந்தது. மணல் மூட்டைகளில் மோதி வண்டி நின்றது.

தஸ்தகீர் இறங்கியதும், "யாரும் கிட்ட வராதீங்க. ஒரு துணிகூட மேல படக்கூடாது," என்றார்.

அன்றுவரை செய்யாத ஒன்றை அப்போது செய்தார். பேட்டரியின் ஒரு முனையிலும் வண்டியின் இரும்பு உடம்பிலும் மீட்டரை வைத்தார். லாரியில் இப்படிப் பார்க்க அவசியமே கிடையாது. அங்கே உடம்பே ஒரு வயர் மாதிரி, கரன்ட் அதன் வழியாகத்தான் திரும்பும். இந்த வண்டியிலோ உடம்புக்கும் கரன்டுக்கும் ஒட்டும் இருக்கக்கூடாது, உறவும் இருக்கக்கூடாது. மீட்டரின் முள் ஏறி முப்பது வோல்ட்டைத் தாண்டி நின்றது.

மூடியைத் திறந்தார். பேட்டரியின் மேல்புறம் முழுக்க ஆசிட் ஈரம், இரும்புத் தொட்டிவரை வழிந்திருந்தது. சனிக்கிழமை சாயந்திரம்தோறும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். லாரி பேட்டரிக் கடைப் பழக்கம், கழுத்துவரை ஊற்றிவிட்டு சார்ஜில் போடுவார். சார்ஜ் ஏற ஏற அது பொங்கி வழிந்திருக்கிறது. சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் போட்டிருந்தது. அவர் அதைப் பிரித்ததில்லை. திங்கட்கிழமை ஈரமாக இருப்பது, பட்டறைச் சூட்டில் மறுநாளே காய்ந்துபோயிருக்கிறது.

கோளாறின் மிச்சப் பாதி, கால் வைக்கும் பலகைக்கு அடியில் கிடைத்தது. தகட்டின் விளிம்பில் உரசி உரசி ஒரு வயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. பளுவோடு குலுங்கும்போது மட்டும் அது உடம்பைத் தொடும். ஈரம் மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. வயர் மட்டும் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால், மிதியை யாரோ மிதித்ததாகவே வண்டி எடுத்துக்கொள்ளும்.

கோதண்டம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவரை ஓரமாக அழைத்துப் போனார். "வயர மட்டும் சொல்லு பாய். அது வித்தவன் தப்பு. ஆசிட்ட தொடச்சி வுட்டுடு. வேம்புலிக்கும் வேலை கெடைச்சிடும், உனக்கும் ஒரு வம்பும் இல்ல."

ஆசையாகத்தான் இருந்தது. தஸ்தகீர் துணியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"அடுத்த மாசம் இன்னும் ரெண்டு வண்டி வருதே," என்றார் கடைசியில். "அதுக்கு ஊத்துறவன், மேல ஈரம் இருந்தா இன்னா ஆவப்போவுதுன்னு வுட்டுட்டா? வயரு வேற எங்கியாவது உரியாதா?" துணியை அப்படியே கீழே போட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் வேம்புலி கைகட்டி நின்றான். தஸ்தகீர் ஆசிட்டை முதலில் சொன்னார், வயரை அப்புறம்தான் சொன்னார்.

"அப்போ வியாழக்கிழமை நீ போட்ட கையெழுத்து?" என்றார் மேனேஜர்.

"தப்பு சார். எனக்குத் தெரியலன்னு எழுதியிருக்கணும். இல்லன்னு எழுதிட்டேன்."

வேம்புலி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளே அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தஸ்தகீருக்கு ஒரு மெமோ, ஒரு வாரம் சஸ்பென்ஷன். அந்த வாரத்தில் கொரட்டூருக்குப் போய் முனியம்மாவைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் எல்லாவற்றையும் கேட்டாள். "நீ சொல்லிட்டே, உன் பாரம் எறங்கிச்சி. என் காலு?" என்றாள். நான்கு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள், ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு. தாங்கித் தாங்கித்தான் நடந்தாள்.

தஸ்தகீர் வேலைக்கு வந்தபோது வயர் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் வேம்புலி வண்டியில் ஏறவில்லை, பழைய கைவண்டியையே தள்ளிக்கொண்டிருந்தான். "திங்கக்கெழம வரட்டும், பாத்துக்கலாம்," என்றானாம்.

அந்தத் திங்கட்கிழமை காலை, சார்ஜ் முடிந்த பேட்டரிக்கு அளவாகத் தண்ணீர் விட்டு, மேல்புறத்தை உலரத் துடைத்து, வேம்புலியை அழைத்து மீட்டரை வைத்துக் காட்டினார் தஸ்தகீர். முள் அசையவில்லை. அதைப் பார்த்த பிறகும் அவன் ஏறத் தயங்கினான். அவர் சரிவில் இறங்கி, முனியம்மா விழுந்த இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"நவுரு பாய்!" மேலிருந்து கத்தினான் வேம்புலி.

"நீ வா."

ஒரு டன் பளுவோடு வண்டி இரும்புப் பட்டையில் ஏறி இறங்கியது. சத்தமில்லாமல் சரிவில் வந்தது. தஸ்தகீரின் கண் வேம்புலியின் காலிலேயே இருந்தது. அந்தக் கால் மிதியை விட்டது, பிரேக்குக்குப் போனது. ஆறடி முன்னால் வண்டி நின்றது.

வேம்புலி நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"இப்பவாச்சும் நவுருவியா? பெயின்ட் ஷெட்டுல ஆளு காத்துகினு கீறான்."

தஸ்தகீர் நகர்ந்து வழிவிட்டார்.