கேமராவைப் பார்த்துச் சிரித்த மேரியக்கா

வண்டிப்பெரியாருக்கு மேலே, அருவி ஒன்று கொட்டும் தேயிலைத் தோட்டத்தில், சுற்றிலும் எல்லாப் பக்கமும் பதிவாகிற விஆர் படம் எடுத்தேன். அதில் ஒரு தொல்லை உண்டு. கண்ணில் கருவியை மாட்டியவர் எந்தப் பக்கமும் திரும்பலாம். நாம் காட்ட நினைப்பதைப் பார்க்காமலே போகலாம்.

அதனால் கொழுந்து பறிக்கும் பெண்களிடம், "கேமரா இருக்கிற இடத்துலதான் படம் பாக்கிறவங்க நிப்பாங்க. நீங்க எல்லாரும் அருவியப் பாத்தா அவங்களும் பாப்பாங்க. கேமராவ மட்டும் பாத்துடாதீங்க" என்று கெஞ்சிவிட்டுப் புதருக்குள் ஒளிந்துகொண்டேன்.

எல்லோரும் அருவியைப் பார்த்தார்கள். மேரியக்கா மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! அதற்குள் பனி மூடிவிட்டதால் மறுபடி எடுக்கவும் வழியில்லை.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீதானம்மா சொன்ன, அங்கன ஆளு நிக்கும்னு. வந்தவுகள ஒத்தையில விட்டுட்டு எல்லாரும் அருவிய வேடிக்க பாத்தா நல்லாவா இருக்கும்?"

படம் கேட்டிருந்த விடுதிக்காரரிடம் பயந்துகொண்டே போட்டுக்காட்டினேன். அருவிச் சத்தத்துக்கு அவர் திரும்பவே இல்லை. மேரியக்கா பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, தன்னை மறந்து பதிலுக்குச் சிரித்தார்.

அருவியை எப்படிக் காட்டுவது என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நான், பார்க்க வருகிறவரை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

படத்தில் அருவி இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.