எல்லைக்கல்லுக்கு மாலை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பக்கத்து மாதா கோயிலில், போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடவுள் இருந்தார். பன்னிரண்டு மணிக்கு இல்லை. ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் இருக்கும் இந்தச் சிற்றூரில் பூசைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டதால் கோயிலை மூடுகிறார்கள் என்றார்கள். இல்லத்து மூதாட்டி ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு நானும் போயிருந்தேன். பாதிரியார் ஆயரின் ஆணையை வாசித்தார். பீடத்தில் பதித்திருந்த புனிதரின் எலும்புத் துணுக்கை வெளியே எடுத்தார், நற்கருணையைக் கொண்டுபோனார், சிவப்பு விளக்கை ஊதி அணைத்தார். இந்தச் சடங்குக்கு இங்கே 'ப்ரோஃபனீருங்' என்று பெயர். இனி இது வெறும் கட்டடம் என்று அர்த்தம். சில மாதத்தில் அதைச் சுவர் ஏறிப் பழகும் கூடமாக மாற்றிவிட்டார்கள். பீடம் இருந்த இடத்தில் கயிறு தொங்குகிறது.

அன்று வாசலில் பாதிரியாரிடம் என் அரைகுறை ஜெர்மனில், "அவர் கோபப்பட மாட்டாரா?" என்று கேட்டேன். "இல்லையில்லை, ஆயர்தானே கையெழுத்தே போட்டார்" என்று சிரித்தபடி சொன்னார். நான் ஆயரைப் பற்றிக் கேட்கவில்லை, கடவுளைப் பற்றிக் கேட்டேன். ஆனால் அதற்கு மேல் கேட்க எனக்கு மொழியும் இல்லை, அவருக்கு அந்தப் பயமும் இல்லை.

புனிதம் என்பதற்கு இவர்கள் 'ஹைலிக்' என்கிறார்கள். முழுமை, குணமாதல் என்ற சொற்களுக்கு உறவு என்று மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் புனிதம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'துடியான சாமி' என்போம். துடியான சாமி குணமாக்கும், கண்ணையும் பிடுங்கும். வேண்டி வந்தவன் அதே சாமிக்குப் பயந்து சுற்றிக்கொண்டும் போவான். அந்தத் துடியை நம்பித்தான் பல வருடங்களாக ஒரு மனிதர் மேல் பழி வைத்துக் காத்திருந்தேன்.

கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயர் சொல்லப் போவதில்லை. என் அப்பா அங்கே எல்லையம்மனுக்குப் பூசாரி. கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேப்பமரம், தகரக் கூரை, இரண்டு தேங்காய் அளவில் ஒரு கல். அது இருந்த நிலம், ஊரே பெரிய நைனா என்று கூப்பிடும் மனிதருக்குச் சொந்தம். இரும்பு உருக்கும் மில் ஒன்றுக்கு அவர் நிலத்தை விற்க முடிவு செய்தபோது நான் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா இங்கருந்து வரமாட்டேங்குது நைனா. பூ போட்டுப் பாத்தேன், உத்தரவு குடுக்கல" என்றார் அப்பா.

"உத்தரவு நான் குடுக்கறேன்" என்றார் நைனா.

டவுனிலிருந்து குருக்களை வரவழைத்தார். கல்லிலிருக்கும் சக்தியைக் கும்பத்துத் தண்ணீரில் இறக்கி எடுத்துப்போய், நெடுஞ்சாலை ஓரம் அவர் கட்டும் புதுக்கோயிலில் மறுபடி அதே கல்லில் ஏற்றும் சடங்கு. அரை மணி நேரத்தில் முடிந்தது. குருக்கள் கும்பத்தோடு காரில் ஏறியதும் நைனா செருப்புக் காலால் கல்லை டிராக்டர் பக்கம் உருட்டினார். "இப்போ இது கல்லுதான்டா, இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க" என்று ஊரைப் பார்த்துச் சொன்னார். அப்பாவின் கையிலிருந்த மணியைப் பிடுங்கிக்கொண்டு, "உன் வவுத்துக்குத்தானே சாமி? மில்லு கேட்ல வாட்ச்மேன் வேலை சொல்லிக்கீறேன், போ" என்றார். அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கு நைனாவைவிட அப்பாவின் மேல்தான் அன்று அருவருப்பாக இருந்தது. நான் குனிந்து மண்ணை வாரி நைனாவின் டிராக்டர் போன பக்கம் தூற்றினேன்.

அப்பா அந்த வாட்ச்மேன் வேலைக்கே போனார். நைனாவின் கார் வந்தால் சல்யூட் அடித்தார். வேப்பமரம் இருந்த இடத்தில் லாரிகளை எடை போடும் மேடை வந்தது. ஆடி வெள்ளி ஒன்றில் அதன் மூலையில் அப்பா கற்பூரம் ஏற்றியதை நைனா பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டாலேயே சாம்பலைத் துடைக்க வைத்து, அன்றே வேலையைவிட்டு அனுப்பினார். அந்த மழைக்காலத்தில் அப்பா படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நைனா இட்டுக்கினு போனது அம்மா இல்ல. மொத நாளே மாத்திட்டேன். அவரு வரப்புல ஒடஞ்சி கெடந்த எல்லைக்கல்ல எடுத்து, மஞ்ச பூசி, பாவாட கட்டி வெச்சேன். அதைத்தான் ஒதைச்சாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அன்று பேசாமல் நின்றதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் காலில் விழுந்து அழ எனக்கு நேரம் கிடைத்தது, அதுவரை சந்தோஷம்.

உடனே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நைனாவுக்கு அப்போது எந்தக் கல்லும் கல்தான். நம்பாதவனுக்கு அது நஷ்டமே இல்லை. அவர் நம்பட்டும் என்று காத்திருந்தேன். ஜெர்மனிக்கு வந்தேன், அடுத்தவர்களின் தாய் தகப்பனைக் குளிப்பாட்டினேன், காத்திருந்தேன். பக்கவாதம் வந்து பிழைத்த பிறகு நைனா நம்ப ஆரம்பித்தார் என்று ஊரிலிருந்து சேதி வந்தது. தினமும் கோயிலுக்குப் போகிறாராம். அம்மாதான் உயிர் கொடுத்தாள் என்று அழுகிறாராம். போன ஆடிக்கு டிக்கெட் எடுத்தேன்.

நெடுஞ்சாலைக் கோயிலில் கூழ் வார்க்கும் நாள். பளிங்கில் நைனாவின் பெயர் வெட்டிய சன்னதிப் படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"யாரு, பூசாரி பொண்ணா? ஃபாரின்ல கீறியாமே. வா, வந்து அம்மாவைக் கும்புடு."

குனிந்து அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னேன். முழுதாகச் சொன்னேன்.

"பொய்யி" என்றார்.

"மஞ்சள கழுவிப் பாருங்க நைனா. அடியில அம்புக்குறி வெட்டியிருக்கும். உங்க நெலத்து சர்வே கல்லுதான்."

நல்ல கையை ஊன்றிச் சன்னதிக்குள் திரும்பிப் பார்த்தார். "அப்போ அம்மா எங்க?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த பயத்துக்காகத்தான் நான் இத்தனை ஆயிரம் மைல் வந்திருந்தேன்.

"அது எங்கன்னு உங்களுக்குத் தெரியாது. உங்க ஊடு எங்கன்னு அதுக்குத் தெரியும்."

திரும்பும்போது சன்னதிக்குள் பார்த்தேன். ஒரிசாவிலிருந்து வந்து மில்லில் வேலை செய்பவர் ஒருவரின் மனைவி, ஜுரம் விட்ட குழந்தையை அந்த எல்லைக்கல்லின் முன்னால் கிடத்திவிட்டு, தன் மொழியில் ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுகைக்கு முன்னால் அந்தக் கல் வெறும் கல்லாகத் தெரியவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். என் பழி அவரோடு நிற்கட்டும்.

அங்கிருந்து ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குப் போனேன். அப்பாவின் சிநேகிதர் ஒரு பாய், இறால் வியாபாரி. கல் மாற்றிய அன்று அம்மனின் கல்லை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மொபெட்டில் கட்டிக்கொண்டு போனவர் அவர்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். குடோனில் உயரமான பலகை மேல் வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்தார்.

"எனக்கு இது சாமி இல்லம்மா. உங்கப்பா நம்பிக் குடுத்த அமானிதம். அமானிதத்துல தப்பு பண்ணா நாளைக்கு அல்லா கிட்ட இன்னா பதில் சொல்றது? செருப்போட யாரும் இந்தாண்ட வரக்கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்லி வெச்சிக்கீறேன்" என்றார். தனக்குச் சாமி இல்லாத ஒன்றை அவர் காத்த விதத்தில் எத்தனையோ பூசைகள் இருந்தன. எடுத்துக்கொண்டு போகிறாயா என்றும் கேட்டார். நைனா உயிரோடு இருக்கும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றேன். பாய்க்கு அது பிடிக்கவில்லை. "கோவத்த அது மேல ஏத்தாதம்மா" என்று மட்டும் சொன்னார்.

நைனா கல்லைக் கழுவிப் பார்த்துவிட்டார். எப்படித் தெரியும் என்றால், என் எண்ணைத் தேடிப் பிடித்து அவரே கூப்பிட்டார். "எங்கன்னு மட்டும் சொல்லும்மா. கால்ல உழுறேன்." அவர் மூச்சு வாங்குவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இப்போது கோயில் வாசலோடு நின்றுவிடுகிறாராம், உள்ளே போவதில்லையாம். பளிங்கில் பெயர் இருப்பதால் யாரிடமும் சொல்லவும் முடியாது. இதைக் கேட்டபோது எனக்கு இனித்தது. மன்னிப்பைப் பற்றி ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் என்னை மன்னிக்கவும்.

ஆனால் அவரைப் போலத்தான் நானும் வெளியே நிற்கிறேன். நெடுஞ்சாலைக் கோயிலில் கும்பிட முடியாது, கல்லின் கதை தெரியும். குடோனில் இருப்பவளை என் கோபத்துக்காக நானே பூட்டி வைத்திருக்கிறேன். போனில் இதைச் சொன்னபோது பாய், "நாங்க தொழுவுறதுக்குத் திசை பாக்குறா மாதிரி நீயும் ஒரு திசை வெச்சிக்கோம்மா" என்றார்.

போன வெள்ளிக்கிழமை டூட்டிக்கு நடுவில், செல்போனில் பாயின் குடோன் இருக்கும் தென்கிழக்குத் திசையைப் பார்த்து, இல்லத்து மாடி ஜன்னலில் நின்று கைகூப்பினேன். கீழே சூப்பர் மார்க்கெட்டின் வண்டி நிறுத்துமிடம். காய்கறிப் பையோடு காரிலிருந்து இறங்கிய ஒரு கிழவர், தனக்குத்தான் வணக்கம் என்று நினைத்து, பையைத் தரையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து அப்படியே கைகூப்பினார்.